ஃபேன் விளக்கை எல்.இ.டி.யாக மாற்றினேன்: எந்த இடத்துக்கு எந்த ஒயர்

நங்கநல்லூரில் அம்மா இருக்கும் வீடு 1994-இல் கட்டியது. ஹால் நடுவில் தொங்குவது, அடியில் விளக்கோடு சேர்ந்து வருகிற ஃபேன். 2009-இல் வாங்கினோம். நான்கு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னத் திருகு ஹோல்டரில் மெழுகுவர்த்திச் சுடர் வடிவத்தில் ஒரு 40 வாட் குண்டு பல்பு. நான்கும் எரிந்தால் 160 வாட். தினம் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் இதற்கு மட்டும் 48 யூனிட். போன தை மாதம் நான்கில் மூன்று பல்பு போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில் அம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தேன். அதே திருகில் பொருந்தும் 4 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு வாங்கி மாட்டினேன். ஃபேன் ஐந்தில் ஓடும்போது பளிச்சென்று எரிந்தது. மூன்றில் வைத்தால் துடித்தது. ஒன்றில் வைத்தால் அணைந்து அணைந்து எரிந்தது. "இதுக்கு அந்த ஒத்த பல்பே தேவலை" என்றார் அம்மா.

சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. போர்டிலிருந்து கூரைக் கொக்கிக்குப் போவது இரண்டே கம்பி. ஒன்று சுவிட்ச், ரெகுலேட்டர் இரண்டையும் தாண்டிப் போகிறது, இன்னொன்று நேராகப் போகிறது. அந்தக் காலத்தில் ஃபேன் பாயின்ட்டுக்கு அதுதான் வழக்கம். ஃபேனுக்கு அடியில் விளக்கு வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. 2009-இல் ஃபேனை மாட்டியவர் விளக்கின் ஒயரையும் ஃபேனின் ஒயரோடு சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். விளக்கை மட்டும் அணைக்க, கீழே தொங்கும் சங்கிலி.

ஆக, விளக்கும் ரெகுலேட்டர் வழியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. எங்களுடையது ஸ்டெப் ரெகுலேட்டர். உள்ளே இருப்பவை மின்சாரத்தைத் தேக்கி விடும் கண்டென்சர்கள். வேகத்தைக் குறைக்கும்போது அவை ஃபேனோடு தொடராகச் சேர்ந்து, ஃபேனுக்குக் கிடைக்கும் வோல்டேஜைக் குறைக்கின்றன. குண்டு பல்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். மங்கி எரியும், அவ்வளவுதான். ஃபேனைக் குறைத்தால் விளக்கும் மங்குவதை இத்தனை வருடமும் ஒரு வசதி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் டிரைவருக்கு, அதாவது மெயின் கரண்ட்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டுக்கு, அந்தப் பொறுமை கிடையாது. வோல்டேஜ் போதவில்லை என்றால் நின்றுவிடும். உள்ளே இருக்கும் கண்டென்சர் மறுபடி நிரம்பியதும் எழும், மறுபடி நிற்கும். நாங்கள் பார்த்த துடிப்பு அதுதான்.

பல்பை மாற்றிப் பயனில்லை, ஒயரை மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ரெகுலேட்டரைத் தொடாத தனி ஃபேஸ் (உயிருள்ள கம்பி) ஒன்று விளக்குக்கு வேண்டும். நான்கு பல்புக்குப் பதில் 18 வாட் எல்.இ.டி. போடலாம் என்றிருந்தேன். அதற்கு என்ன ஒயர் போடுவது? தெருமுனைக் கடையில் கேட்டேன்.

"18 வாட் எல்.இ.டி.தானே சார், பெல் ஒயரே போதும். எத்தனை மீட்டர் வேணும்?"

கணக்கை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது தப்பில்லை. 18 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.08 ஆம்பியர். மலிவான டிரைவர்கள் வாட் கணக்கைவிட அதிக கரண்ட்டை இழுக்கும், அவற்றின் பவர் ஃபேக்டர் 0.5 அளவுக்குக்கூட இறங்கும், அதனால் 0.16 என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு மெல்லிய கம்பியும் இதைத் தாங்கிவிடும். ஆனால் கோளாறு வந்தால், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழும்வரை ஓடுகிற கரண்ட்டையும் அதே ஒயர்தான் சுமக்க வேண்டும். எங்கள் ஹால் சர்க்யூட்டில் இருப்பது 10 ஆம்பியர் எம்.சி.பி. சுவருக்குள் எங்கேயாவது உறை நைந்து 8 ஆம்பியர் ஓடினால் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, அசையாது. பெல் ஒயர் அதற்குள் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். தவிர, பெல் ஒயரின் உறை சில வோல்ட் மணிக்காகச் செய்தது. 230 வோல்ட் ஒயர்கள் போகும் பைப்பில் அதை நுழைக்கவே கூடாது. நான் ஒயர் வாங்காமல் திரும்பினேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடமாக வயரிங் வேலை. எங்கள் ஏரியாவில் பாதி வீட்டுப் பைப்புகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று அவருக்குத் தெரியும். அவர் வந்து, ஸ்டூலில் ஏறி ஃபேனின் மேல் கப்பை இறக்கி, ஃபேனைத் தாங்கும் குழாயான டவுன் ராடின் வாயில் விரலை வைத்துத் தடவிக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி. பதினஞ்சு வருஷமா ஒயர் இந்த விளிம்புலதான் உரசியிருக்கு. நீங்க லைட்டுக்கு எத்தனை வாட்னு பாக்குறீங்க. நான் ஒயர் எது வழியா போகுதுன்னு பாக்குறேன்."

வேலை முழுவதும் நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு பேச்சைத்தான். போர்டிலிருந்து கொக்கி வரை ஒரு பாதை. கொக்கியிலிருந்து ராடு வழியாக மோட்டார் வரை இன்னொன்று. மோட்டாரின் ஷாஃப்ட்டுக்குள் புகுந்து விளக்குக் கப்புக்குப் போவது மூன்றாவது. விளக்கு ஒன்றுதான் என்றாலும் மூன்று இடத்துக்கும் ஒரே ஒயர் சரிப்படாது.

ஒயருக்குப் போகும் முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன். ஏறிய பிறகு பழக்கத்தில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. ஹால் ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருப்பதை மறந்துவிட்டேன். மெயின் போன அடுத்த நொடியே இன்வெர்ட்டர் அந்த லைனுக்கு உயிர் கொடுத்துவிட்டது. கை நடுங்கிவிட்டது. இறங்கி, இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்து, அதன் அவுட்புட் பிளக்கையும் உருவிவிட்டுத்தான் மறுபடி ஏறினேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதை மறக்காதீர்கள். மெயின் அணைந்திருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. தொடப்போகிற கம்பியில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை போக வேண்டும்.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. கரண்ட்டைத் திரும்பக் கொடுத்து, ஃபேன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, ராடில் வரும் இரண்டு கம்பியையும் டெஸ்டரால் சோதித்தேன். இரண்டிலும் எரிந்தது. பக்கத்தில் உயிருள்ள ஒயர் போனாலே டெஸ்டர் லேசாக எரியும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை நேர்க் கம்பியிலும் இன்னொரு முனையைப் பக்கத்து பிளக் பாயின்ட்டின் நியூட்ரலிலும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) வைத்தோம். பல்பு முழுசாக எரிந்தது. அதாவது ஃபேஸ் நேராக மேலே போகிறது, சுவிட்சும் ரெகுலேட்டரும் நியூட்ரலில் இருக்கின்றன. ஃபேன் அப்படியும் ஓடத்தான் செய்யும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கு ஹோல்டரைத் துடைத்த ஒவ்வொரு தடவையும் அம்மா உயிருள்ள ஹோல்டரைத்தான் தொட்டிருக்கிறார். எல்.இ.டி. மாற்றும் சாக்கில் இது வெளியே வந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. உங்கள் வீடு பழைய வீடு என்றால் விளக்கு மாற்றுகிறீர்களோ இல்லையோ, இந்த ஒரு சோதனையை எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லுங்கள்.

சரி, ஒயர். சுவர்ப் பைப்புக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் எடுத்தேன். கடையில் 'ஒன்றரை ஸ்கொயர்' என்று கேட்டால் கொடுப்பார்கள், உறையில் ஐ.எஸ். 694 என்று அச்சிட்டிருக்கும். ஒரு ஸ்கொயரே போதாதா என்று யோசித்தேன். கரண்ட் கணக்குக்குப் போதும்தான். ஆனால் எங்கள் ஹாலுக்கு மேலே மொட்டை மாடி. சித்திரை வெயிலில் அந்தத் தளம் எப்படிச் சுடும் என்று வெறுங்காலோடு ஏறியவர்களுக்குத் தெரியும். பைப் போவது அந்தத் தளத்துக்குள். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான். சுற்றிலும் சூடு ஏற ஏற ஒயர் தாங்கும் கரண்ட் குறையும். ஒன்பது மீட்டருக்கு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. சுவரை மறுபடி திறக்க வேண்டியதில்லை என்றால் அந்தக் காசு வீண் இல்லை.

இரண்டு கம்பி இருந்த இடத்தில் நான்கு இழுத்தோம். ஃபேனுக்கு ரெகுலேட்டர் வழியாக ஃபேஸ், சிவப்பு. விளக்குக்குத் தனி ஃபேஸ், மஞ்சள். இரண்டுக்கும் பொதுவாக நியூட்ரல், கறுப்பு. எர்த், பச்சை. பழைய பாயின்ட்டில் எர்த்தே இல்லை. நியூட்ரலைப் பொதுவாக வைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஃபேனும் விளக்கும் ஒரே லைனிலிருந்து வர வேண்டும். ஃபேன் இன்வெர்ட்டரிலும் விளக்கு மெயினிலும் இருந்து நியூட்ரல் மட்டும் ஒன்றாக இருந்தால், ஒரு பக்கம் போன கரண்ட் இன்னொரு பக்கமாகத் திரும்பும். ஆர்.சி.சி.பி. (போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமாக இல்லையென்றால் விழும் சுவிட்ச்) இருக்கிற வீட்டில் அது காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் விளக்கையும் இன்வெர்ட்டர் லைனிலேயே சேர்த்தேன். 18 வாட் என்பதால் பேட்டரிக்கும் பாரமில்லை.

இழுப்பது நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. பழைய ஒயரின் வாலில் புது ஒயர் நான்கையும் கட்டி, ஒருவர் மேலிருந்து தள்ள, ஒருவர் போர்டிலிருந்து இழுக்க என்று ஆரம்பித்தோம். சுவரும் தளமும் சேருகிற வளைவில் முடிச்சு மாட்டிக்கொண்டது. நான்கையும் ஒரே இடத்தில் முடிந்ததுதான் தப்பு. வெளியே எடுத்து, ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரல்கடை தள்ளித் தள்ளிக் கட்டினோம். முடிச்சு ஒரே குண்டாக இல்லாமல் எலி வால் போலச் சரிந்து போனது. மேலே டேப் சுற்றி, டால்கம் பவுடரைத் தாராளமாகப் பூசியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அண்ணன் இழுக்கும்போது ஒருமுறைகூட வெடுக்கென்று இழுக்கவில்லை. அந்தப் பொறுமையைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மேல் கப்புக்குள் இந்த நான்கும் முடிகின்றன. அங்கிருந்து கீழே போவது வேறு ஒயர், நடுவில் கனெக்டர். பழைய மாட்டலில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை சூட்டில் உருகி வழிந்து, முறுக்கு பாதி வெளியே தெரிந்தது. இந்தத் தடவை நெம்புகோல் வைத்த கனெக்டர் போட்டேன். பீங்கான் கனெக்டரும் நல்லதுதான், திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ராடுக்குள் மட்டும் எந்த இணைப்பும் வரக்கூடாது. ஆடிக்கொண்டே இருக்கும் இடம் அது.

ராடின் வாயை அரத்தால் ராவி மழுக்கினேன். ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம், கிராமெட், ஒன்றைப் பொருத்தி, ஃபேன் ஆடும்போது ஒயர் இழுபடாமல் இருக்க ஒரு சாண் தொய்வு விட்டேன். ஃபேன் மோட்டாருக்கு ராடு வழியாகப் போகும் ஒயரையும் 0.75 ஸ்கொயரில் நெகிழும் ஒயராக மாற்றியாகிவிட்டது. ஒற்றைக் கம்பி ஒயர் சுவருக்குள் அசையாமல் கிடக்கச் சரி. தினமும் ஆடுகிற இடத்தில் அது ஒருநாள் வளைந்து வளைந்து ஒடியும். பல இழை கொண்ட ஒயர்தான் அங்கே நிற்கும்.

இனி ஷாஃப்ட். இந்த வேலையில் எனக்கு அதிக நேரம் எடுத்ததும், அதிகம் யோசிக்க வைத்ததும் அதுதான். விளக்கு வைத்த ஃபேனில் நடு ஷாஃப்ட் சுற்றாது, சுற்றுவது வெளிக்கூடு. அந்த ஷாஃப்ட் குழல் மாதிரி, நடுவே துளை. விளக்கின் ஒயர் அதன் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். துளையின் இரண்டு பக்கமும் மோட்டாரின் சூடு. பழைய ஒயரை உருவியபோது அது ஒயராக வரவில்லை. உறை பிஸ்கட் மாதிரி நொறுங்கி, கையில் செம்பு இழைதான் மிஞ்சியது. மேலே மோட்டார் சூடு, கீழே நான்கு குண்டு பல்புகளின் சூடு. நடுவில் மாட்டிய பி.வி.சி. அத்தனை வருடம் தாங்கியதே பெரிது.

இங்கே ஒன்றரை ஸ்கொயர் மூன்று நுழையவே நுழையாது. மூன்று என்பது ஏன் என்றால் ஃபேஸ், நியூட்ரலோடு எர்த்தும் விளக்குக் கப்புக்குத் தனியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கப்பு ஷாஃப்ட்டில் திருகிதான் நிற்கிறது, இரும்போடு இரும்பு தொடுகிறதே என்று விட்டுவிடலாம். ஆனால் நடுவே பெயின்ட் இருக்கிறது, துரு வரும், திருகு தளரும். அதை எர்த் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் டெஃப்லான் ஒயர் வாங்கினேன். 0.2 மி.மீ. இழை 14 கொண்டது, ஏறக்குறைய 0.44 சதுர மில்லிமீட்டர். டெஃப்லான் உறை 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆனால் பி.வி.சி.யைவிட மெல்லியது. மூன்றும் தாராளமாக நுழைந்தன. துளைக்குள் முதலில் தூண்டில் நரம்பை இறக்கி, அதன் முனையில் ஒயரைக் கட்டி இழுத்தேன். சுவருக்குள் மெல்லிய ஒயர் கூடாது என்று சொல்லிவிட்டு இங்கே மட்டும் எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இது ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், உலோகக் குழலுக்குள், எர்த் ஆன உடம்புக்குள் போகிறது. உறை கிழிந்து உலோகத்தைத் தொட்டால் பாய்வது நேரடி ஷார்ட் சர்க்யூட். எங்கள் வீட்டில் அது நூறு ஆம்பியருக்கு மேல் போகும், எம்.சி.பி. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழுந்துவிடும். ஒயர் சூடாகவே அவகாசமில்லை. எர்த் இல்லாமல் இதைச் செய்திருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. எர்த்தை நான் பிடிவாதமாக இழுத்ததற்கு அதுவும் காரணம்.

டெஃப்லானுக்கு ஒரு பலவீனம் உண்டு. கூரான விளிம்பில் வைத்து அழுத்தினால், உடனே வெட்டுப்படாவிட்டாலும், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்ந்து மெலிந்துபோகும். ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு விளிம்பைத் தொடும். சூடு தாங்கும் ஒயர் போட்டுவிட்டோம் என்று விளிம்பைக் கவனிக்காமல் விட்டால் இதுதான் நடக்கும். அதனால் ஷாஃப்ட்டின் இரண்டு வாயிலும் ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ் ஏற்றினேன். ஒயரின் உறையைச் சீவும்போதும் பிளேடு வேண்டாம், இழைகள் அறுந்துவிடும். ஸ்டிரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு எது என்பதில் மூன்று யோசனை ஓடியது. 12 வோல்ட் ஸ்டிரிப் போட்டு, டிரைவரைக் கீழே போர்டிலேயே வைத்துவிட்டால் ஏணி ஏறாமல் டிரைவரை மாற்றலாமே என்பது முதல் யோசனை. கணக்குப் போட்டேன். 18 வாட், 12 வோல்ட் என்றால் 1.5 ஆம்பியர். போர்டிலிருந்து கொக்கிக்கு ஒன்பது மீட்டர், போக வர பதினெட்டு. 0.5 ஸ்கொயர் ஒயர் என்றால் அதன் மின்தடை 0.7 ஓம், வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். ஒன்றரை ஸ்கொயரிலும் 0.36 வோல்ட் போகும். அதே ஒயரில் 230 வோல்ட்டாக அனுப்பினால் இழப்பு கண்ணுக்கே தெரியாது. டிரைவர் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நீளமான பாதையை 230 வோல்ட்டே கடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, தனி டிரைவரே இல்லாமல் நேராக 230 வோல்ட்டில் எரியும், எல்.இ.டி.கள் பதித்த பிளேட் (தகடு). டி.ஓ.பி. என்று கேட்டால் கிடைக்கும், விலை மிகவும் குறைவு. ஒன்று வாங்கி மேசையில் வைத்துச் சோதித்தேன். அந்த மலிவு பிளேட்டில் கரண்ட்டைச் சமன்படுத்தும் கண்டென்சர் இல்லை, அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழுகிறது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஃபேன் பக்கத்தில் தெரியும். மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 333 சுற்று வரும்போது, நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் 20 டிகிரி நகர்கிறது. அப்போது பதினெட்டு இறக்கைகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். வேகம் கொஞ்சம் குறைந்தால் அவை மெல்லப் பின்னோக்கி ஊரும். ஓடுகிற ஃபேன் நிற்பது போலத் தெரிவது வீட்டில் ஆபத்து, அம்மாவுக்குத் தலைசுற்றலும் உண்டு. அந்த பிளேட்டில் செம்புத் தடங்களுக்கும் அலுமினிய முதுகுக்கும் நடுவே இருப்பதும் மெல்லிய ஒரு படலம்தான். வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசியில் 18 வாட் அலுமினிய பிளேட்டும் தனி டிரைவரும் வாங்கினேன். டிரைவரின் மேல் 300 மில்லி ஆம்பியர் என்றும் ஒரு வோல்டேஜ் வரம்பும் அச்சிட்டிருக்கும். பிளேட்டுக்குத் தேவையான வோல்டேஜ் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். மெயினோடு அவுட்புட்டுக்கு நேரடித் தொடர்பு இல்லாத ஐசொலேட்டட் டிரைவராகக் கேட்டு வாங்குங்கள். மல்டிமீட்டரில் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே தொடர்பு காட்டக்கூடாது. ஐசொலேஷன் இல்லாத டிரைவரில் அவுட்புட் ஒயர் 60 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், தரையோடு ஒப்பிட்டால் அது மெயின் கரண்ட்தான். 'டி.சி. பக்கம்தானே' என்று தொட்டுவிடக்கூடாது.

டிரைவரை மேல் கப்பில் வைப்பதா, கீழ்க் கப்பில் வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குச் சூடுதான் எமன். பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் பொதுவான கணக்கு. மேல் கப்பு தளத்தை ஒட்டி மூடிக் கிடக்கிறது, காற்றே வராது. கீழ்க் கப்பில் மோட்டார் சூடு ஷாஃப்ட் வழியாகக் கொஞ்சம் இறங்கும், ஆனால் ஃபேனின் காற்று அதைச் சுற்றி ஓடுகிறது. கீழேயே வைத்தேன். பிளேட்டைத் தெர்மல் பேஸ்ட் தடவிக் கப்பின் உலோகத் தளத்தோடு திருகினேன். டிரைவரைப் பிளேட்டின் முதுகில் ஒட்டாமல் ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

மாட்டி, சுவிட்சைப் போட்டதும் ஹாலே மாறிவிட்டது. ஃபேன் ஒன்றில் ஓடினாலும் ஐந்தில் ஓடினாலும் வெளிச்சம் அசையவில்லை. வெள்ளை நிறம் 6500 கெல்வின்தான் அம்மாவின் தேர்வு, படிக்க வசதி என்றார். அன்றைக்கு ராத்திரி போன் வந்தது. "லைட்ட அணைச்சுட்டேன், ஆனா அப்பப்ப மின்னுதுடா."

போய்ப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு மின்னல். ஃபேனை நிறுத்தினால் மின்னலும் நின்றது. அதில்தான் விடை இருந்தது. ஃபேனின் ஃபேஸும் விளக்கின் ஒயரும் ஒன்பது மீட்டர் ஒட்டி உறவாடி ஒரே பைப்பில் வருகின்றன. அடுத்தடுத்துப் போகும் இரண்டு கம்பிகளே ஒரு சின்ன கண்டென்சர்தான், சில நூறு பைக்கோஃபாரட் வரும். அதன் வழியாகச் சில பத்து மைக்ரோ ஆம்பியர் கசிந்து, டிரைவரை மெல்ல நிரப்பி, ஒரு கணம் எழுப்பிவிடுகிறது. குண்டு பல்பு காலத்தில் இந்தக் கசிவு யாருக்கும் தெரிந்திருக்காது.

மருந்து சுலபம். டிரைவரின் இன்புட்டில், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்-2 வகை கண்டென்சர் ஒன்று, 275 வோல்ட் ஏ.சி. என்று எழுதியது. 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 32 கிலோ ஓம் போல நடந்துகொள்ளும். கசியும் கரண்ட் அதன் வழியாகப் போய்விடும், டிரைவருக்கு ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் சேராது. கூடவே 1 மெகா ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றும் இணையாக வைத்தேன், அணைத்த பிறகு கண்டென்சரில் மிச்சம் தங்காமல் இருக்க. எக்ஸ்-2 என்ற எழுத்து முக்கியம். மெயினுக்குக் குறுக்கே நிற்பதற்கென்றே சோதித்துச் செய்த வகை அது. அதற்கென்று செய்யாத வேறு எதையாவது போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். கண்டென்சருக்கும் ரெசிஸ்டருக்கும் ஸ்லீவ் ஏற்றிக் கனெக்டருக்குப் பக்கத்திலேயே அடக்கினேன். மின்னல் நின்றது.

ஒயர், பிளேட், டிரைவர், கனெக்டர் எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய்க்குள் முடிந்தது. அண்ணனின் கூலி தனி. ஆடி மாதம் கப்பை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். ஸ்லீவ் அப்படியே இருந்தது, கிராமெட்டில் உரசல் இல்லை.

அடுத்தது படுக்கையறை ஃபேன். அங்கே பைப்பில் பாதி வழியில் சிமென்ட் இறங்கி அடைத்திருக்கிறது, ஒயர் இழுக்க பைப்புக்குள் விடும் ஸ்பிரிங் மூன்று மீட்டருக்கு மேல் போக மறுக்கிறது. மூன்றாவது ஒயருக்கு வழியே இல்லை. அங்கே ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, இருக்கிற இரண்டு கம்பியிலும் முழு 230 வோல்ட்டை அனுப்பி, ஃபேனையும் விளக்கையும் தனித்தனியாகப் பிரிக்கும் ரிமோட் ரிசீவரை மேல் கப்பில் வைக்கப்போகிறோம். எர்த் ஒயரை மட்டும் தளத்தின் அடியில் பட்டை கேசிங்கில் வெளியே தெரியும்படி கொண்டுவர வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அது அழகாக இல்லை என்று வருத்தம். கேசிங்கைச் சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.